மொய் எழுதும் பையன்

எங்கள் ஒன்பதாவது குறும்படம் போன வாரம் முடிந்தது. ஓடும் நேரம் ஏழு நிமிடம் இருபது விநாடி, எடுத்து முடிக்க ஆறு மாதம் ஆனது. ஒரு நகைச்சுவைக் காட்சிக்குக் கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பதை இந்த ஆறு மாதத்தில் ஒரு நாடக நடிகரிடம் கற்றுக்கொண்டேன். அவர் அதுவரை கேமரா முன்னால் நின்றதே இல்லை. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. மதுரையில் நாங்கள் ஆறு பேர். கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன்தான் கேமரா. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அக்கா வசனத்தைப் பார்த்துக்கொள்வார், அவர் பென்சில் படாமல் ஒரு வரி கூட ஷூட்டிங்குக்குப் போகாது. கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி சவுண்ட். இன்னும் இரண்டு பேர் லைட், வண்டி, சாப்பாடு, இடத்துக்கு அனுமதி என்று எது வந்தாலும் பார்ப்பவர்கள். நான் எழுதி, இயக்கி, எடிட் செய்கிறேன். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஆளுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டு வைப்போம், வருடத்தில் ஒரு படம், முடிந்தால் இரண்டு.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' என்ற குறும்படப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்த பிறகு ஸ்டில் கேமராவிலேயே சினிமா மாதிரி வீடியோ எடுக்கலாம் என்று ஆகிவிட்டிருந்த நேரம், ஊருக்கு ஊர் பையன்கள் வாடகைக்குக் கேமரா எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். அந்த நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர்களில் கார்த்திக் சுப்புராஜும் பாலாஜி மோகனும் 2012இலேயே பெரிய படம் எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடம் நலன் குமாரசாமி. அதிலிருந்துதான் குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் காட்டுவதற்கான விசிட்டிங் கார்டு என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களைப் பார்த்துத்தான் நானும் தொடங்கினேன். ஆனால் எங்கள் ஆறு பேருக்கும் இது வேறு ஒன்றுக்குப் போகும் படிக்கட்டு இல்லை. சிறுகதை எழுதுகிறவரிடம் நாவல் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் எங்களுக்கும். ஏழு நிமிடத்தில் ஒருவரைச் சிரிக்க வைப்பது ஒரு முழு வேலை.

சரி, படத்துக்கு வருகிறேன். கதை மொய் பற்றியது. உசிலம்பட்டி, தேனி பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எவ்வளவு செய்தார்களோ அதற்குக் குறையாமல் அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்காகவே வீட்டுக்கு வீடு பழைய மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். எங்கள் கதையில் ஒரு பெரியவர் பழைய நோட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வருகிறார். பார்க்க வேண்டிய வரியில் ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. முதல் 1 இருக்கிறது, கடைசி 1 இருக்கிறது, நடுவில் ஓட்டை. 101ஆ 1001ஆ? பெரியவருக்கு அது 101 ஆக இருக்க வேண்டும். மொய் எழுத உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பையனிடம், அந்தக் காலத்தில் அவர்கள் குடும்பம் இருந்த நிலைமை, அன்றைக்குப் பெய்த மழை, அந்த வருடத்துத் தங்க விலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி 101தான் என்று நிரூபிக்கப் பார்க்கிறார். பையன் பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு செம்பு, செலவு இல்லாத கதை. முடிவை இங்கே சொல்லமாட்டேன், படத்தில் பாருங்கள்.

பெரியவர் வேடத்துக்கு ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி வேடம் போடும் ஒருவரைக் கேட்டோம். அறுபது தாண்டியவர், நாற்பது வருட மேடை. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி மாதிரி நாடகங்களை இன்றைக்கும் தென் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய ஆடுகிறார்கள். இதில் எனக்கு எப்போதுமே ஆச்சரியமான விஷயம், இவர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் இல்லை. நாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறொரு ஊர் என்று தனித்தனியாகத் தேதி வாங்கி வருவார்கள், ஒத்திகை கிடையாது, நேராக மேடைதான். ஸ்பெஷல் என்ற பெயரே அதனால்தான். கதை தொடங்குவதற்கு முன்னால் பபூன் வந்து கூட்டத்தை உட்கார வைக்க வேண்டும். எதிரே தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள், ஓரமாக நிற்கும் இளவட்டங்கள், பாயில் சாய்ந்திருக்கும் ஆத்தாக்கள், இவர்கள் எல்லோரையும் ஒரே ஆள் சிரிக்க வைத்தாக வேண்டும். நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

பங்குனி, சித்திரையில் அவருக்கு ஒரு இரவு கூட ஓய்வு கிடைக்காது, அதனால் கார்த்திகையில் வைத்துக்கொண்டோம். ஒரு இரவு நாடகத்துக்கு அவர் என்ன வாங்குவாரோ அதையே ஒரு நாள் ஷூட்டிங்குக்கும் கொடுத்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குறும்படம்தானே, ஒரு வாய்ப்பு கிடைத்ததே என்று நடிக்க வருவார்கள் என்ற நினைப்பு எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு. எங்களிடம் அது கிடையாது. காசு இல்லாத மாதம் படமும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும் என்பதும் அப்படித்தான், மதியம் மூன்று மணிக்குப் பசியோடு இருப்பவர் முகத்தில் எந்த நகைச்சுவையும் நிற்காது.

மண்டபத்தில் முதல் தலைவலி ட்யூப்லைட். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும், அதனால் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியிலோ 1/100 விநாடியிலோ வைக்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அடுத்தது மின்விசிறி. மைக்கில் அது கடலிரைச்சல் மாதிரி விழும், நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டும். ஒவ்வொரு டேக்குக்கும் நிறுத்துவோம், உடனே போடுவோம், அன்றைக்கு நாள் முழுக்க ஒருத்தர் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வெறும் மண்டபத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்தான் சவுண்ட் தம்பி. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே மௌனம் வைக்க இந்தச் சத்தம் தேவை. ஒலியே இல்லாத இடம் மௌனமாகக் கேட்காது, படம் நின்றுபோன மாதிரிதான் கேட்கும்.

பபூன் அண்ணன் முதல் டேக்கில் பேசத் தொடங்கியதும் எனக்குப் புல்லரித்தது. குரல், கை, துண்டை உதறும் விதம், எல்லாம் அவ்வளவு துல்லியம். ஆனால் ஒவ்வொரு நகைச்சுவை வரி முடிந்ததும் இரண்டு விநாடி நின்றார். பிறகுதான் புரிந்தது, சிரிப்புக்காகக் காத்திருக்கிறார். மேடையில் அந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும், ஓரத்தில் ஆல்ரவுண்டு என்கிற தாள வாத்தியம் வாசிப்பவர் சரியாக ஒரு அடி போடுவார், அதன் மேல் அடுத்த வரியை ஏற்றுவார். இங்கே எங்கள் ஆறு பேரும் மைக்கில் விழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். நான் போய், "அண்ணே, நிக்க வேணாம், தொடர்ந்து பேசிருங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி தம்பி, நீங்க சொன்னா சரிதான். ஆனா நான் யாருக்குச் சொல்றேன்னு தெரியலையே" என்றார். அந்தக் கேள்வியை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஒரு நாளில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

மார்கழி முழுக்க எடிட் செய்தேன். எழுதியதைப் படித்தபோது சிரித்தோம், எடுத்தபோது அடக்க முடியாமல் சிரித்தோம், திரையில் பார்த்தால் சிரிப்பே வரவில்லை. வெட்டி வெட்டிப் பார்த்தேன். 24 ஃப்ரேம் ஒரு விநாடி, எட்டு ஃப்ரேம் முன்னால் வெட்டினால் என்ன, பின்னால் வெட்டினால் என்ன என்று ராத்திரி ஒரு மணி வரைக்கும். நண்பர் ஒருவர் வசனத்துக்குப் பின்னால் 'டொய்ங்' சத்தம் போடச் சொன்னார், டிவி நிகழ்ச்சிகளில் போடுவார்களே அது. மேடையில் ஆல்ரவுண்டு அடிப்பவர் கூட்டத்தின் மூச்சைக் கேட்டு அடிக்கிறார், அது ஒரு கலை. எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே சிரியுங்கள் என்று சொல்ல ஒரு சத்தத்தை ஒட்டுவது பார்ப்பவரை நம்பாத செயல். அதைச் செய்வதில்லை என்று ஆறு பேரும் உறுதியாக இருந்தோம்.

அப்புறம் ஒரு நாள் அக்கா என் வீட்டுக்கு வந்து பார்த்தார். நான் அண்ணனின் குளோசப்புகளை வைத்துத்தான் முழுப் படத்தையும் கட்டியிருந்தேன், 50 எம்எம் லென்ஸ், பின்னால் எல்லாம் மங்கல், முகம் மட்டும் பளிச். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு அக்கா கேட்டார், "இதெல்லாம் சொல்லும்போது அந்தப் பையன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்?"

அகலமாக எடுத்த ஒரே ஒரு டேக் இருந்தது, முழுக் காட்சியும் ஒரே துண்டாக. எங்கள் கேமராவில் ஒரு துண்டு பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடாது, காட்சி ஏழு நிமிடம்தான் என்பதால் வந்திருந்தது. அதைப் போட்டோம். மூலையில், சின்னதாக, பையன். அண்ணன் மழையைப் பற்றிச் சொல்லும்போது பேனா மூடியைத் திறக்கிறான். தங்க விலை வந்ததும் மூடுகிறான். 'உங்க தாத்தாவே சொன்னாரு' என்றதும் ஒரு தடவை பின்னால் திரும்பி யாராவது காப்பாற்ற வருகிறார்களா என்று பார்க்கிறான். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் படத்தின் சிரிப்பு முழுவதும் அங்கே இருந்தது, நாங்கள் அதை மங்கலாக்கி வைத்திருந்தோம்.

'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் தன் அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சியை நம்மில் பார்க்காதவர் கிடையாது. அன்றைக்கு ராத்திரியே போட்டுப் பார்த்தேன். நாகேஷ் அபாரம்தான், ஆனால் இந்தத் தடவை பாலையாவை மட்டும் பார்த்தேன். கதை அவர் முகத்தில்தான் நடக்கிறது. முதலில் மகன் என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பவர், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், நிஜமாகவே பயந்துபோகிறார். இயக்குநர் ஸ்ரீதர் அவரைப் படச்சட்டத்துக்கு வெளியே விடுவதே இல்லை என்று சொல்லலாம். பாலையா இல்லாமல் அந்தக் கதையை நாகேஷ் கேமராவிடம் நேராகச் சொல்லியிருந்தால் அறுபது வருடம் கழித்து நாம் பேசிக்கொண்டிருப்போமா என்று தெரியவில்லை. 'நான் யாருக்குச் சொல்றேன்' என்று அண்ணன் கேட்டது இதைத்தான். மேடையில் கேட்பதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. சினிமாவில் அந்தக் கூட்டத்தின் இடத்தில் உட்கார ஒரு முகம் வேண்டும், அந்த முகத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும்.

எனக்கு இப்போது பின்னணி மங்கலாக இருக்கும் நகைச்சுவைக் காட்சியைப் பார்த்தாலே வருத்தமாக இருக்கிறது. விலை குறைந்த 50 எம்எம் 1.8 லென்ஸ் வந்ததிலிருந்து குறும்படக்காரர்கள் எல்லோரும் அதன் அழகில் விழுந்தோம். காதல் காட்சிக்கு அது அழகு. நகைச்சுவைக்கு இரண்டு முகமும் ஒரே படச்சட்டத்தில் வேண்டும், லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கி 5.6க்குக் கொண்டுபோய், லைட்டைக் கூட்டி, இரண்டு பேரும் தெளிவாக இருக்கும்படி கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் பார்ப்பது என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்துகொள்வார். அவரே கண்டுபிடிக்கும் சிரிப்பு நாம் சுட்டிக்காட்டும் சிரிப்பைவிட நீண்ட நேரம் நிற்கிறது.

ஆக, பையனை வைத்துத் திரும்ப எடுக்க வேண்டும். மண்டபத்தில் தேதி வாங்கி, தை மாதக் கடைசியில் பையனுக்குப் போன் செய்தோம். தைப்பூசத்துக்குப் பழனி போய் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தான். வீட்டில் வேண்டுதல், அவன் என்ன செய்வான். விக் வைக்கலாம், தலையில் துண்டு கட்டலாம் என்று பேச்சு வந்தது, அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. முடி வளரட்டும் என்று காத்திருந்தோம். பள்ளிக்கூடத்துப் பையன், முதலிலேயே ஒட்ட வெட்டித்தான் வைத்திருந்தான், அதனால் சித்திரைக் கடைசியிலேயே பழைய அளவுக்கு வந்துவிட்டது.

சித்திரை என்றால் அண்ணனுக்குத் தினமும் நாடகம். பையனின் முகம் மட்டும்தானே, வசனத்தை நானே கேமராவுக்குப் பின்னால் நின்று படித்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். காலை எட்டு மணிக்கு மண்டப வாசலில் வந்து நிற்கிறார். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடிய ஆடிவிட்டு, முதல் பஸ் பிடித்து நேராக வந்திருக்கிறார், காதோரம் அரிதாரம் முழுதாகப் போகவில்லை. "நீங்க படிச்சா அவன் உங்க மொகத்தைத்தானே பாப்பான். எம்மொகத்தைப் பாத்தாத்தான் அவனுக்கு வரும்" என்றார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தான் படத்தில் வரவே போகாத ஏழு நிமிடத்தையும் முழுசாக, அதே துண்டோடு, அதே கையோடு, ஆறு தடவை நடித்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு வரியை மாற்றிச் சொன்னார், பையன் முன்கூட்டியே தயாராகிவிடக் கூடாது என்பதற்காக. நாலாவது தடவையில் பையனுக்குத் தெரியாத ஏதோ ஒரு மேடைச் சங்கதியை எடுத்துவிட்டார், பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டுக்குள் குனிந்தான். அந்த ஷாட் படத்தில் இருக்கிறது.

அவர் நிற்கும் அந்த இரண்டு விநாடி எனக்கு இப்போதுதான் பயன்பட்டது. போனில் தனியாகப் பார்ப்பவருக்கு வெறும் இடைவெளி நீளமாகத் தெரியும், கூட்டமாகப் பார்த்தால் இடைவெளி இல்லாதபோது அடுத்த வரி சிரிப்பில் மூழ்கிவிடும். அதனால் அந்த இடங்களில் பையன் பேனா மூடியைத் திருகுவதும், செம்பை நகர்த்துவதும், நோட்டை ஊதுவதும் மட்டும் வரும்படி வைத்தேன். வார்த்தை எதுவும் வீணாகாது, கண்ணுக்கும் வேலை இருக்கும்.

இன்னொன்று, சப்டைட்டில். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தமிழில் நாம் சுற்றி வளைத்துக் கொண்டுபோய்க் கடைசியில் எண்ணைச் சொல்வோம், ஆங்கிலத்தில் எழுதினால் எண் முன்னாலேயே வந்துவிடுகிறது. அண்ணன் வாய் திறப்பதற்குள் கீழே 101 என்று தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு. அக்கா ஒவ்வொரு வரியையும் இரண்டாக உடைத்து, அவர் எண்ணைச் சொல்லும் அதே நொடியில் எண் வரும்படி திரும்ப எழுதினார். நான்கு மாலை அதற்கே போனது.

போன ஞாயிறு கேமரா அண்ணன் ஸ்டுடியோ மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டோம். தெருக்காரர்களும் சொந்தக்காரர்களுமாக நாற்பது பேர் இருக்கும். நாங்கள் எப்போதும் செய்வது போலத் திரைக்குப் பக்கத்தில் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த நிமிடத்தில் யார் போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வதற்காக. எதிர்ப்பக்கம் அண்ணனும் அதையேதான் செய்துகொண்டிருந்தார், தன் முகம் திரையில் வந்தபோது கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் பின்னால் திரும்பிப் பார்க்கும் இடத்தில் முன்வரிசையில் ஒரு அத்தை "அய்யோ பாவம்" என்று சத்தமாகச் சொல்ல, மாடி முழுக்கச் சிரித்தது.

முடிந்ததும் அண்ணன் பையனைக் கூப்பிட்டார். நாடகத்தில் நல்லா ஆடினால் ஜனங்கள் மேடையேறி நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போவார்கள், அதே மாதிரி நூறு ரூபாய் நோட்டை ஊக்கால் அவன் சட்டையில் குத்தி, ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்தார்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் இனி அவருக்குத் தேதி கிடைக்கும். அடுத்த கதையைத் தொடங்கிவிட்டோம். பேசுகிறவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. கேட்கிறவர் ஒரு சலூன்காரர், கையில் கத்தி, எதிரே பாதி ஷேவிங்கில் ஒருத்தர்.